கடைசி அறையின் சாவி

சாவி கண்ணெதிரே கிடந்தது. கை எட்டவில்லை.

லிஜி ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தாள். நீல வலை எழும்பி நின்றது. இதற்கு மேல் போனால் இடித்துக்கொள்வாய் என்று கண்ணில் மாட்டியிருக்கும் ஹெட்செட் காட்டும் வலை. அதைத் தாண்டினால் விளையாட்டு நின்றுவிடும்.

பின்வாங்கினாள். வலை மறைந்து, விளையாட்டின் பேய்க் கப்பலில் கடைசி அறை திரும்ப வந்தது. ஈரக் காலடிகள் நெருங்கிக்கொண்டிருந்தன.

மாலைக்குள் இணைய இதழுக்கு விமர்சனம் அனுப்ப வேண்டும். நிறைகளை எழுதிவிட்டாள். காலடி எந்தப் பக்கம் கேட்கிறதோ அந்தத் தோள் சிலிர்க்கிறது. புதிர்கள் கடினம், ஆனால் நியாயமானவை. இரண்டு பேர் சேர்ந்து யோசித்தால் இன்னும் நல்லது. குறைகளை மட்டும் இன்னும் எழுதவில்லை. முடிக்காத விளையாட்டைப் பற்றி அவள் இதுவரை எழுதியதில்லை.

வலைக்கான கோட்டைப் போட்டது அவள்தான். ஹெட்செட் வாங்கிய அன்று, காந்தலில் இருக்கும் இந்த வீட்டின் முன்னறையில், கன்ட்ரோலரைத் தரைக்கு நேரே பிடித்து, அண்ணன் ஸ்டெபினின் கட்டிலை விட்டு வளைத்து வரைந்தாள்.

"என்னைய மட்டும் கோட்டுக்கு வெளிய தள்ளிட்டியே புள்ள," என்றான் அவன்.

வெளியே படுத்தபடியே பாதிப் பூட்டுகளை அவன்தான் திறந்தான். அவள் பார்ப்பதெல்லாம் அவன் ஃபோனிலும் தெரியும். மணியை இடப்பக்கம் திருப்பு, படத்தைத் தூக்கிப் பார் என்பான். பேய் நெருங்கும் நேரம் பார்த்து, முதுகு சொறியும் குச்சியால் அவள் இடுப்பில் குத்துவான். அவள் அலறுவாள். உன்னைப் பார்த்துப் பயந்துதான் பேயே மெதுவாக வருகிறது என்பான்.

ஏழாவது அறையோடு நிறுத்தியிருந்தார்கள்.

காலடிகள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றன. லிஜி இடுப்பை இறுக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

பேய் தொட்டது. குச்சி குத்தவில்லை.

அறை இருண்டது. கோட்டைப் புதிதாக வரையலாமா என்று ஹெட்செட் கேட்டது. வரைந்தால் பழையது அழிந்துவிடும்.

"இன்னும் முடியலியா அம்மிணி? டீ ஆறிப்போகுது."

அம்மாவின் குரல் வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

லிஜி ஹெட்செட்டைக் கழற்றினாள். அம்மா ரோஸ்மேரி டம்ளரோடு வெறும் சிமென்ட் தரையில் நின்றிருந்தாள். அவளைச் சுற்றி நான்கு இடத்தில் கட்டில் கால்களின் தடம். ஸ்டெபினின் முப்பதாம் நாள் பூசைக்கு மறுநாளே கட்டிலைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

டீயைக் குடித்து முடித்தாள். ஹெட்செட்டை மாட்டினாள். கேள்வி அப்படியே நின்றது.

வேண்டாம் என்று அழுத்தினாள்.

பிறகு லேப்டாப்பைத் திறந்து, குறைகள் என்பதன் கீழே எழுதினாள்:

விளையாட நிறைய இடம் கேட்கிறது. என்னால் முடிக்க முடியவில்லை. அண்ணன் கட்டில் இடிக்கிறது.