பாலிசியில் ஒரு பெயர்

"இன்ஷூரன்ஸ் கார்டு இருக்கா சார்?"

கவுன்டரில் இருந்த பெண் கேட்டதும் மேட்ரன் பக்கத்தில் நின்ற கணவரைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் வேலையிலிருந்து அவள் ஓய்வு பெற்று ஒன்பது வருஷமாகிவிட்டது. ஆனாலும் வீட்டுக்காரர் இன்னும் மேட்ரன் என்றுதான் கூப்பிடுவார். பெற்ற மகளுக்கே சில சமயம் அம்மாவின் நிஜப் பேர் சட்டென்று நினைவுக்கு வராது.

காலையில் காப்பி குடிக்கும்போது அவர் சாவகாசமாகச் சொன்னார், ஆஸ்பத்திரியில் பத்து மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன், கூட வா என்று. எதற்கு என்று கேட்டால் மழுப்பிவிட்டார்.

ஊசி என்றாலே பத்தடி தள்ளி நிற்கிற மனிதர். அவரே நேரம் வாங்கியிருக்கிறார் என்றால்?

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவள் மனசு வார்டு வார்டாகச் சுற்றியது. நெஞ்சா, சிறுநீரகமா, மறுபடி சர்க்கரை ஏறிவிட்டதா. எதற்கு எத்தனை நாள் படுக்கை, என்னென்ன பரிசோதனை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதுதான் வினை.

அவர் பேரில் இன்ஷூரன்ஸ் இல்லை. இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

பேரை எடுத்தவளே அவள்தான்.

பிழைக்க வந்த நாட்டிலேயே ஓய்வும் பெற்றவர்கள் அவர்கள். மகளும் பேரனும் இங்கே இருக்கிறார்கள். சொந்த ஊருக்குத் திரும்பிப் போனால் கதவைத் திறந்துவிடக்கூட அங்கே ஆளில்லை. வேலையில் இருந்தவரை வைத்தியச் செலவை வேலை கொடுத்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள். அதன் பிறகு வெளிநாட்டுக்காரர்களுக்குத் தனியார் பாலிசிதான் கதி.

அவருக்கு எழுபது முடிந்த வருஷம், பாலிசியைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த தொகையைப் பார்த்து அவளுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. ஒரே வருஷத்தில் இரட்டிப்பு. அதிலும் முக்கால்வாசி அவருக்காக. வயசு, சர்க்கரை, ஏற்கெனவே ஒருமுறை அடைப்பு எடுத்த இருதயம்.

வீட்டில் காகிதம் பார்ப்பது அவள் பொறுப்பு. அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். இந்த ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டைச் சரிசெய்துவிட்டு, லிஃப்டே இல்லாத மூன்றாவது மாடியில் குடியிருப்பவர். படிவம் ஒன்றைக் கண்ணில் காட்டினால் கொட்டாவி விடுவார்.

அவள் நியாயங்களை அடுக்கிக்கொண்டாள். ஒருத்தராவது பத்திரமாக இருக்கட்டும். பார்த்துக்கொள்கிறவளே விழுந்துவிட்டால் அப்புறம் இரண்டு பேருக்கும் நாதியில்லை. என்னுடையது மட்டும் என்றால் கட்டிவிடலாம்.

எல்லாமே சரியான நியாயங்கள். கம்ப்யூட்டரில் அவர் பேருக்கு நேரே 'நீக்கு' என்றிருந்ததை அவள் அழுத்தியபோது, அடுத்த அறையில் அவர் விசிலடித்தபடி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு சட்டைகள். ஒன்று அவருடையது, இன்னொன்று பேரனுடையது.

அன்றிலிருந்து அவர் தும்மினால்கூட அவளுக்குத் தூக்கிவாரிப்போடும்.

நல்லவேளை, அந்த வருஷமே அவருக்குப் புத்தி வந்தது. அவள் தொண்டை கிழியக் கத்தியும், டாக்டர் மிரட்டியும் விடாத சிகரெட்டை ஒரே நாளில் விட்டார். விடிந்தால் நடக்கக் கிளம்பினார். காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம் என்றார். வயசானால் உயிர்பயம் வரத்தானே செய்யும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கடவுளே பார்த்துத் தன் தப்பை மூடிவைக்கிறார் என்றும் நினைத்தாள்.

"கார்டு குடுத்தீங்கன்னா பதிஞ்சிடலாம்," என்றாள் கவுன்டர் பெண்.

மேட்ரன் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, ஒரு நிமிஷம் இப்படி வாங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அப்புறம் சொல்லு. முதல்ல உன் கார்டை எடு."

"என் கார்டா?"

அவர் கவுன்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். "பேஷன்ட் நான் இல்லம்மா, இவங்க. மூணு மாசமா மாடி ஏறும்போது நடுவுல நின்னுடறாங்க. மூச்சு வாங்குது. கேட்டா போன் பாக்கறேங்கறாங்க. போனைத் தலைகீழாப் பிடிச்சிக்கிட்டு."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். மேட்ரன் கைப்பையைத் திறந்து கார்டைத் தேடினாள். கண்ணெதிரே இருந்த கார்டைக் கண்டுபிடிக்க வெகுநேரம் பிடித்தது.

காத்திருக்கும் இடத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எதிர்ச் சுவரில் ஒரு டி.வி. சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க பேரை நான்..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும்," என்றார் அவர், டி.வி.யைப் பார்த்தபடியே. "ஒருத்தர் பேரை எடுத்தா, அந்த ஆளுக்கும் தனியா ஒரு கடுதாசி போடுவாங்க மேட்ரன். வந்து ரெண்டு வருஷமாச்சு. நான் படிச்ச ஒரே காகிதம் அதுதான்."

"அப்புறம் ஏன் என்னைக் கேக்கல?"

"கேட்டிருந்தா என் பேரைப் போட்டுட்டு உன் பேரை எடுத்திருப்பே."

இரண்டும் இரண்டும் நாலு என்கிற மாதிரி, துளி சந்தேகம் இல்லாமல் சொன்னார்.

பொய்க்காவது ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் வாயைத் திறந்தாள்.

உள்ளேயிருந்து நர்ஸ் ஒருத்தி வந்து அவள் முழுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

மேட்ரன் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.