சிலுவைக் காட்சி வேண்டாமே!

“சிலுவைக் காட்சிய வெட்டிட்டு நேரா உயிர்த்தெழுதலுக்குப் போயிட்டா என்ன, வாத்தியாரே?”

சபைத் தலைவர் இதைக் கேட்டது சிலுவைமேல் மல்லாந்து கிடந்தபடி. இரண்டு கைகளையும் கயிற்றால் கட்டியாகிவிட்டது. வெறும் ஒத்திகைதான், ஆனாலும் ஒட்டுத்தாடிக்குள் வியர்வை ஆறாக ஓடியது.

“சாகாதவர் எப்படி சார் உயிர்த்தெழுவார்?” நாடகத்தை நடத்தும் ஓவிய வாத்தியார் சிரித்தார். “சிலுவை இல்லேன்னா நம்ம விசுவாசமே இல்லைன்னு போன வாரம் ஒன்றரை மணி நேரம் பேசினது நீங்கதானே? பாதிப் பேர் தூங்கிட்டாங்க. நான் முழிச்சிருந்து கேட்டேன்.”

“பேசறது வேற, வாத்தியாரே...”

“இயேசு வேஷம் எனக்குத்தான்னு ஒத்தக் கால்ல நின்னதும் நீங்கதான். பக்கத்துல கள்ளனுங்க ரெண்டு பேரையும் பாருங்க, வாயத் திறக்கறாங்களா?”

இரு பக்கச் சிலுவைகளிலும் கட்டுண்டு கிடந்த கள்ளர்களின் முகத்தைச் சடைமுடி மூடியிருந்தது. தலைவருக்கு அவர்களைப் பார்க்க ஏது நேரம்? முகம் தெரியாத தலைக்கவசத்தோடு ஒரு சிப்பாய் அவரை நெருங்கிக்கொண்டிருந்தான். சுத்தியல் இடது கையில்.

இடது கை!

மூன்று மாதத்துக்கு முன் ஆலயத்து வெள்ளிக் கிண்ணம் காணாமல் போனபோது, “காவக்காரன்தான் கள்ளன்” என்று சபை நடுவே கை நீட்டி, அவனை வேலையைவிட்டுத் துரத்தியவர் தலைவர். அவனும் இடதுகைக்காரன். இதே தோள், இதே வளர்த்தி. போகும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: “சிலுவை முன்னால பொய் நிக்காதுங்க ஐயா.”

இப்போது பொய் நிற்கவில்லைதான், சிலுவைமேல் படுத்திருந்தது.

“வாத்தியாரே, இந்தச் சிப்பாய் யாரு?”

“புது ஆளு சார். ஆணி விரலிடுக்குலதான் போகும். கைய மட்டும் ஆட்டிடாதீங்க.”

“குறி தவறிட்டா?”

“நடிப்பு தத்ரூபமா இருக்கும்.”

ணங்!

மரம் அதிர்ந்தது. ஆணியின் குளிர்ச்சி விரலை உரசியது. சிப்பாய் குனிந்து, கவசத்துக்குள்ளிருந்து கரகரத்தான்:

“கண்ண மூடிக்குங்க. வலிக்காது.”

தலைவர் கையை இழுத்துப் பார்த்தார்; கயிறு விடவில்லை. வலிக்காது என்று சொல்லிவிட்டு வலிக்க வைக்காதவன் உலகத்தில் உண்டா? சுத்தியல் மறுபடி ஓங்கியது.

“வேணாம்பா! கிண்ணத்தக் கைதவறிப் போட்டு நசுக்கினது நான்தான்! எங்க வீட்டுப் பரண்மேலதான் ஒளிச்சு வெச்சிருக்கேன்! மானம் போயிடும்னு பயந்து உன்மேல அபாண்டமாப் பழி போட்டேன். நீ கள்ளன் இல்லப்பா, நான்தான் கள்ளன்! என்னை மன்னிச்சிடு!”

சிப்பாய் பதறிப்போய்க் கவசத்தைக் கழற்றினார். அவர் சபைக்குப் புதிதாக வந்த பல் டாக்டர்.

“ஐயையோ சார், பல்லு புடுங்கறப்ப சொல்ற பழக்கத்துல சொல்லிட்டேன்...”

வலப்பக்கத்துச் சிலுவையில் கிடந்த கள்ளன், முகத்தில் விழுந்த சடையை ஊதி விலக்கினான்.

“மன்னிச்சுட்டேங்க ஐயா. காவக்காரன் இந்தப் பக்கம் கிடக்கேன். கள்ளன் வேஷத்துக்கு என்னை விட்டா வேற ஆளே கிடையாதுன்னு வாத்தியார்கிட்ட நீங்கதான் சொன்னீங்களாமே!”