வெயில் ஆகாத பயணம்

அருப்புக்கோட்டைப் பட்டறையில் பழைய காரின் முன்சீட்டில் நல்லமுத்து. பின்சீட்டில் மனைவி ரேணுகாதேவி. திறந்த பானெட்டின் முன், ஸ்டூலில் மெக்கானிக் அய்யப்பன்.

“பழைய ஏசி கேஸு இப்ப வாரதில்லண்ணே. புதுசுக்குக் கம்ப்ரஸர் ஆயிலு, வாசரெல்லாம் மாத்தணும்.”

“மாத்துப்பா. வெயில்ல கொண்டுபோனா மதுரைக்காரவுக வேண்டாம்னு திருப்பிவிட்டுர்றாக. இந்தத் தடவையும் தட்டிப்போனா எங்க பொழப்பு அவ்வளவுதான்.”

“வெயில்ல கருத்ததுக்கா வேண்டாங்கிறாக? பொண்ணு மனசு என்ன பாடுபடும்ணே?”

“பொண்ணா?” ரேணுகாதேவி சிரித்தாள். “எங்க தோட்டத்து மல்லிகப்பா. போற வழியிலயே மொட்டு விரிஞ்சிருது.”

புது கேஸ் ஏற்றியதும், ஒரு கூடை மொட்டோடு உச்சிவெயிலில் திருச்சுழி வரை போய்வந்தார்கள். ஒன்றுகூட விரியவில்லை.

போனை எடுக்காத மதுரைப் பூக்கடைக்காரருக்கு, ‘நாளை மொட்டாகவே வரும்’ என்று எழுதி, உறையை ஒட்டி, மதுரை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார் நல்லமுத்து.