பத்துப் பேர் ஏறும் வண்டி

"இன்னா பாய், வண்டி ஓட்றியா, தேர் இழுக்குறியா? மிதி!"

ஞானபாக்கியம் போட்ட சத்தத்தில் பக்கத்தில் போன கண்டெய்னர் லாரியின் ஹாரனே தோற்றுப்போனது.

டோல்கேட்டில் ஏழே முக்காலுக்குக் கிளம்பின ஷேர் ஆட்டோ. உள்ளே பத்துப் பெண்கள். பத்துப் பேருமே எண்ணூர் பக்கம் ஒரே எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டை தைக்கிறவர்கள். எட்டரைக்கு டாண் என்று கேட்டை மூடிவிடுவான். அதற்கப்புறம் செக்யூரிட்டியிடம் கெஞ்சி, சூப்பர்வைசரிடம் பாட்டு வாங்கி... அந்த வயிற்றெரிச்சல் இப்போது எதற்கு?

உபைதுல்லா பாய் எதுவும் காதில் விழாத மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தார். முன்னெல்லாம் பறப்பார் மனுஷன். ஒரு மாசமாகத்தான் இந்தக் கூத்து. சின்னக் குழி தெரிந்தாலே பிரேக். ஸ்பீட் பிரேக்கர் வந்தால் போச்சு, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி வண்டியை இறக்குவார்.

"நேத்தும் லேட்டு, முந்தாநாளும் லேட்டு. வண்டில டீசல் ஊத்துறியா, தண்ணி ஊத்துறியா?" ஞானபாக்கியம் விடுவதாக இல்லை. அவள்தான் அந்தக் கும்பலுக்குத் தலைவி மாதிரி. நடுசீட்டு மூலை அவளுடையது. வேறு யாராவது உட்கார்ந்தால் எழுப்பிவிட்டு உட்கார்ந்து, கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள்.

பின்சீட்டில், டிபன் பையை அடிவயிற்றோடு அழுத்திப் பிடித்தபடி ஷெர்லின்.

அவளுக்கு இன்று மாதவிலக்கின் இரண்டாவது நாள். விடிகாலையிலிருந்து இடுப்பில் ஆரம்பித்துத் தொடை வரைக்கும் யாரோ துணி பிழிகிற மாதிரி வலி. இரண்டு மாத்திரை போட்டும் கேட்கவில்லை. வீட்டில் சொன்னால், "பொம்பளையாப் பொறந்தா இதெல்லாம் இருக்கிறதுதான்" என்பாள் அம்மா. கம்பெனியில் சொல்லவே முடியாது. போன மாசம், இதே வண்டியில் முன்னால் உட்கார்ந்து வரும் சௌமியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததற்கு, "நல்லா நடிக்குது பொண்ணு" என்று தையல் லைன் முழுக்கச் சிரித்தது. ஷெர்லினும்தான் சிரித்தாள். சிரிக்காவிட்டால் தன்னைப் பார்ப்பார்களோ என்று பயம்.

உண்மையைச் சொன்னால், பாய் மெதுவாகப் போகப் போகத்தான் அவளுக்கு மூச்சே வந்தது. ஆனால் எல்லோரும் கத்தும்போது தான் மட்டும் சும்மா இருந்தால் நன்றாகவா இருக்கும்?

"சீக்கிரம் போங்க பாய், நேரமாச்சு!" என்று அவளும் ஒரு குரல் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, 'ஏசப்பா, நெசமாவே வேகமா போயிடப் போறாரு' என்று பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

அப்போது அதே ரூட்டில் ஓட்டும் மொஹ்சினின் ஷேர் ஆட்டோ ஒரு பள்ளத்தில் விழுந்து எகிறி, இவர்களைத் தாண்டிப் பறந்தது.

"பாத்தியா? அது வண்டி! நாளைலேர்ந்து நாம மொஹ்சின் வண்டில போய்க்கலாம். இன்னாங்கடி சொல்றீங்க?"

"சரிக்கா."

"போலாம்க்கா."

"ஏய் ஷெர்லின், நீ?"

ஷெர்லின் மொஹ்சின் வண்டி எகிறிப் போன திசையைப் பார்த்தாள். அந்த வண்டியிலா? மாசத்தில் நாலு நாள் உயிர் போய் உயிர் வருமே!

"நா... நானும் வரேன்க்கா."

பாய் வண்டியை ஓரங்கட்டினார். திரும்பிப் பார்க்கவில்லை. ஹேண்டில் பாரையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"தாராளமா போங்கம்மா. ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன். பொம்பளைங்க சமாச்சாரம், நான் பேசறது தப்புன்னா மன்னிச்சுக்கோங்க. எம் பொஞ்சாதி ஜீனத்துக்கு மாசாமாசம் வவுத்து வலி. பன்னெண்டு வருசமா சுருண்டு சுருண்டு படுக்கும். 'ஊர்ல இல்லாத வலியா, நடிக்காத'ன்னு நான் கத்துவேன். போன மாசம் தாங்க முடியாம அழுதுச்சு. இதே வண்டில ஏத்திகினு ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். ஒவ்வொரு பள்ளத்துலயும் அது கத்துன கத்து, இன்னும் காதுலயே கீதும்மா."

முன்னால் இருந்த சௌமியா அவர் பக்கம் திரும்பினாள்.

"டாக்டரம்மா வாயில நுழையாத பேரா ஒண்ணு சொன்னாங்க, என்டோமெட்ரியோசிஸாம். கர்ப்பப்பைக்கு உள்ள வளர்ற மாதிரி ஒண்ணு, வெளியவும் வளர்ந்துகினு கீதாம். நடிப்பு இல்லியாம், நெசமான வலியாம். 'உங்க வீட்ல மட்டும் இல்ல பாய், பத்துல ஒருத்திக்கு இருக்கு, நெறைய பேருக்கு இன்னதுன்னே தெரியாது'ன்னாங்க."

மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"என் வண்டில டெய்லி பத்துப் பேர் ஏர்றீங்க. அந்த ஒருத்தி யாருன்னு எனக்குத் தெரியுமா? வாயத் தொறந்து கேக்கத்தான் முடியுமா? அதான் பத்துப் பேருக்கும் மெதுவா ஓட்றேன்."

கியரைப் போட்டார். வண்டி மெதுவாக நகர்ந்தது. யாரும் நேரம் பார்க்கவில்லை.

"நாளைக்குக் கால் மணி முன்னாடியே கெளம்பிடலாம் பாய்" என்றாள் சௌமியா, முன்னால் இருந்து.

ஷெர்லினுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இந்த வலிக்கு ஒரு பேர்கூட இருக்கிறதா! எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுவிடலாமா? கேட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தெரியட்டுமே, இப்போ என்ன? பையைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்தாள்.

அதற்குள் நடுசீட்டு மூலையிலிருந்து ஒரு குரல் முந்திக்கொண்டது. இத்தனை நேரம் போட்ட சத்தத்தில் கால்வாசிகூட இல்லை.

"பாய்... அந்த டாக்டரம்மா எந்த ஆஸ்பத்திரில கீறாங்க?" என்று கேட்டாள் ஞானபாக்கியம்.