தண்டவாளத் துண்டும் ஜெயராணியும்

பள்ளிக்கூடத்து வேப்பமரத்தில் மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டுக்கு ஜெயராணி மேல் அப்படி ஒரு கோபம். அது எவ்வளவு முழங்கினாலும், மற்ற பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்த பிறகுதான் அவள் எழுந்திருப்பாள்.

"என்ன திமிர் பார்த்தியா?" என்றது.

"அவளுக்குக் காது கேட்காதுப்பா," என்றது மரத்து அணில்.

"அப்போ இன்னும் சத்தமாக் கத்துறேன்!"

மூன்று நாள் கத்தியும் பலனில்லை. நாலாம் நாள் டீச்சர் சுத்தியலை ஜெயராணியிடமே கொடுத்தார். ஓங்கி அடித்தவள், இன்னொரு கையை இரும்பின் மேல் வைத்தாள். அதிர்வு அவள் தோள்வரை ஏறியது. கூச்சம் தாங்காமல் சிரித்தாள். கையை எடுக்காமலே மறுபடியும் அடித்தாள்.

"என்னப்பா, இன்னைக்குச் சத்தம் பாதிகூட வரலையே?" என்றது அணில்.

"வராட்டிப் போகுது," என்றது துண்டு. "அவளுக்குக் கேட்டுடுச்சு."