எட்டு அங்குலம்

வேதவல்லியின் வீடு தெருவிலிருந்து உள்ளடங்கி இருந்தது. வாசல் பாதை குறுகல். ஆஸ்பத்திரி வேன் நுழையாது. டயாலிசிஸ் நாட்களில் கணவனை நாற்காலியோடு தூக்கித்தான் தெருவுக்குக் கொண்டுபோக வேண்டும். பாதையை அகலப்படுத்த நகராட்சியில் மனுக் கொடுத்தாள். சொந்த மண் பத்தடி அகலம் இருந்தால்தான் அனுமதி என்றார்கள். அளக்க வந்தவர் டேப்பின் ஒரு முனையை அவளிடம் நீட்டினார். பக்கத்து வீட்டுக் குரோட்டன்ஸ் தொட்டிகள்தான் எல்லை. முனையை முதல் தொட்டியோடு ஒட்டிப் பிடித்தாள்.

“எட்டு அங்குலம் குறையுதேம்மா.”

பக்கத்து வீட்டு ஞானமுத்து வெளியே வந்தார். அவர் வீட்டு முருங்கைக் கிளையை இவள் வெட்டிய நாளிலிருந்து, ஏழு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாதவர். தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தன் பக்கம் நகர்த்தினார். அவை இருந்த இடத்தில் ஈர வட்டங்கள் தெரிந்தன. அவள் கையிலிருந்த முனையை வாங்கிக் குந்தி உட்கார்ந்து, வட்டங்களைத் தாண்டித் தன் மண்ணில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டார்.

“இப்பப் பாருங்க சார்.”

வந்தவர் ஈர வட்டங்களைப் பார்த்தார். “எல்லை அங்கயாங்க?”

“என் விரல் இருக்கிற எடந்தான். எழுதிக்கங்க.”

எழுதிக்கொண்டு, டேப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தவர் போய்விட்டார். ஞானமுத்து மட்டும் மண்ணில் வைத்த விரலை எடுக்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. வேதவல்லி கையெடுத்துக் கும்பிட்டாள். “விரலை எடுங்கண்ணே” என்பதுதான் வாயில் வந்தது.

அவர் நிமிராமலே சொன்னார்: “கும்பிட்டது போதும்மா. என் மனசு மாறுறதுக்குள்ள ஓடிப்போய் ஒரு செங்கல்லு கொண்டா.”