எகிப்து வழி

பாலைவனத்து ஊர் ஒன்றில் கண்ணாடிப் பட்டறை இருந்தது. மணலை உருக்கத் தேவையான உப்புக்கட்டிகளை எகிப்திலிருந்து சுமந்து வந்த ஒட்டகம், வழிநெடுக முனகிக்கொண்டே வரும்.

ஒருநாள் எகிப்து வழி அடைபட்டது. பட்டறைக்காரர் பக்கத்து உவர்நிலத்துச் செடிகளை எரித்து, அந்தச் சாம்பலை மணலோடு சேர்த்துப் பார்த்தார். நன்றாகவே உருகியது.

"இனிமே காலையில போனா மத்தியானம் திரும்பிடலாம்," என்று ஒட்டகம் சாம்பல் மூட்டையோடு வந்து கழுதையிடம் பீற்றிக்கொண்டது. "மிச்ச நேரமெல்லாம் மேய்ச்சல்தான்."

"எங்கண்ணே மேய்வீங்க?"

"உவர்நிலத்துலதான். அந்தச் செடி மாதிரி ருசி வருமா?"

"அங்க ஒரு செடிகூட இல்லண்ணே. எல்லாம் உங்க முதுகுலதான் இருக்கு."

ஒட்டகம் கழுத்தைத் திருப்பி மூட்டையை முகர்ந்தது. வாயில் ஒன்றுமில்லாமலே வெகுநேரம் அசைபோட்டது.

"தம்பி, எகிப்து வழிய எப்பத் திறப்பாங்களாம்?"